2147483647: பேஸ்கேம்ப் 3 எழுத மறுத்த ஐந்து மணி நேரம்

2018 நவம்பர் 8, வியாழக்கிழமை. அமெரிக்க மத்திய நேரப்படி காலை 7:20 மணியளவில் பேஸ்கேம்ப் 3 என்ற திட்ட மேலாண்மைச் செயலி புதிதாக எதையும் ஏற்றுக்கொள்வதை நிறுத்தியது. பழைய செய்திகளைப் படிக்கலாம், கோப்புகளைத் திறக்கலாம். ஆனால் புதுச் செய்தி எழுத வழியில்லை, புது வேலையைப் பட்டியலில் சேர்க்க வழியில்லை. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இதே நிலைதான். சர்வர் விழவில்லை, டிஸ்க் நிறையவில்லை, யாரும் ஊடுருவவும் இல்லை. நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் ஒரு முக்கியமான டேட்டாபேஸ் டேபிளில், ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் தரும் ஐடி புலம் 2147483647-ஐத் தொட்டுவிட்டது. அந்தப் புலத்தின் வகை இன்டிஜர், சுருக்கமாக இன்ட், அதாவது 4 பைட்டில் அடங்கும் முழு எண். அந்த வகையில் அதற்கு மேல் எண் கிடையாது.

காரணத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்களே ஆயின. மீதி நேரம் முழுவதும் திருத்தத்துக்குப் போனது. இந்தச் செயலியை நடத்தும் நிறுவனத்தில்தான் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற இணையச் செயலிக் கட்டமைப்பு பிறந்தது. 2017 ஏப்ரலில் வந்த ரெயில்ஸ் 5.1 பதிப்பு, புதிதாக உருவாகும் பிரைமரி கீ (பதிவை அடையாளம் காட்டும் புலம்) எல்லாம் பிக்இன்ட்டாகவே (8 பைட் முழு எண்) இருக்கும் என்று இயல்பு அமைப்பை மாற்றியது. அதாவது இந்தச் சிக்கலுக்கான மருந்து ஒன்றரை ஆண்டுக்கு முன்பே அதே வீட்டில் தயாராகியிருந்தது. ஆனால் இயல்பு அமைப்பு புதிய டேபிள்களுக்குத்தான் பொருந்தும். அதற்கு முன்பே பிறந்த டேபிள்களை அது தொடுவதில்லை. ரெயில்ஸை உருவாக்கியவரும் அப்போதைய தொழில்நுட்பத் தலைவருமான டேவிட் ஹைனமையர் ஹான்சன், இது தவிர்த்திருக்கக்கூடிய கோளாறு என்று வெளிப்படையாகவே எழுதினார்.

எண் எப்படித் தீர்கிறது, தீர்ந்தால் என்ன ஆகிறது, ஒரு புலத்தின் வகையை மாற்ற ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம். பேஸ்கேம்ப் பயன்படுத்துவது மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ். ஆகவே விளக்கமும், தகவலைச் சேமிக்கும் அதன் இன்னோடிபி எஞ்சினை ஒட்டியே போகும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் வேறுபடும் இடங்களைத் தனியே சொல்வோம்.

எண் யார் கையில் இருக்கிறது

தானாக ஏறும் பிரைமரி கீ உள்ள டேபிளில் ஒரு பதிவைச் சேர்க்கும்போது ஐடி புலத்தைக் குறிப்பிடாமல் விடுவதே சரியான முறை. மற்ற புலங்களின் பெயர்களையும் மதிப்புகளையும் மட்டும் இன்செர்ட் கட்டளையில் எழுத வேண்டும். புலப் பெயர்களே இல்லாமல் மதிப்புகளை மட்டும் அடுக்கும் பழக்கம் இருந்தால் ஐடி இருக்கும் இடத்தில் டீஃபால்ட் என்றோ நல் என்றோ கொடுக்கலாம். மைஎஸ்க்யூஎல்லில் பூஜ்ஜியம் கொடுத்தாலும் அது அடுத்த எண்ணையே போடும். 'நோ ஆட்டோ வேல்யூ ஆன் ஜீரோ' என்ற மோடு இயக்கப்பட்டிருந்தால் மட்டும் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே உட்காரும்.

டேபிளில் இருக்கும் பெரிய ஐடியை எடுத்து ஒன்று கூட்டி இன்செர்ட் செய்யும் வழக்கம் இன்றும் சில செயலிகளில் உண்டு. இரண்டு இணைப்புகள் ஒரே நேரத்தில் படித்தால் இரண்டுக்கும் ஒரே எண் கிடைக்கும், இரண்டாவது இன்செர்ட் மோதி விழும். சோதனையில் ஒரே ஆள் தட்டும்போது இது தலைகாட்டாது. கூட்டம் வந்த பிறகுதான் தெரியும்.

சேர்த்த பதிவுக்கு என்ன எண் கிடைத்தது என்பதை லாஸ்ட் இன்செர்ட் ஐடி சொல்லும். அது அந்த இணைப்புக்கு மட்டுமே உரிய மதிப்பு. வேறு யார் எத்தனை பதிவு சேர்த்தாலும் குழம்பாது. ஆனால் கனெக்‌ஷன் பூல் (பகிர்ந்து பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பு) வழியாக இன்செர்ட்டை ஒரு இணைப்பிலும் கேள்வியை இன்னொரு இணைப்பிலும் அனுப்பினால் தவறான எண் வரும். ஒரே கட்டளையில் பத்துப் பதிவுகள் சேர்த்தால் அது முதல் பதிவின் எண்ணைத்தான் தரும், கடைசிப் பதிவின் எண்ணை அல்ல. ஐடியை நாமே கையால் கொடுத்துச் சேர்த்திருந்தால் அதன் மதிப்பு மாறவே மாறாது, முந்தைய எண்ணையே சொல்லும். போஸ்ட்கிரெஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை. இன்செர்ட்டின் முடிவில் ரிட்டர்னிங் ஐடி என்று சேர்த்தால் ஒவ்வொரு பதிவின் எண்ணும் அங்கேயே திரும்பி வரும்.

எண்ணுவது பதிவுகளை அல்ல, முயற்சிகளை

214 கோடி என்று கேட்டதும் நம் டேபிளில் அவ்வளவு பதிவு எங்கே வரப்போகிறது என்றுதான் தோன்றும். எண் தீர்ந்துபோகும் விவகாரங்களில் பாதி இந்த நினைப்பில்தான் தொடங்குகிறது. கவுண்டர் எண்ணுவது பதிவுகளை அல்ல, பதிவு செய்ய நடந்த முயற்சிகளை.

இன்செர்ட் கட்டளை வந்ததும் கவுண்டரிலிருந்து எண் எடுக்கப்படுகிறது. அதன் பிறகு டிரான்சாக்‌ஷன் (ஒன்றாக முடியவேண்டிய கட்டளைகளின் தொகுதி) ரோல்பேக் ஆனாலும், அதாவது கைவிடப்பட்டாலும், எடுத்த எண் திரும்ப வைக்கப்படாது. திரும்ப வைக்க வேண்டுமானால் ஒரு டிரான்சாக்‌ஷன் முடியும்வரை மற்ற எல்லாரும் வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கும். வேகத்துக்காக இடைவெளியை ஏற்றுக்கொள்வதே இந்த வடிவமைப்பின் அடிப்படை. ஆகவே ரசீது எண், பில் எண் போல இடைவெளியே இருக்கக்கூடாத எண்களுக்கு இந்தப் புலத்தைப் பயன்படுத்தக்கூடாது. அதற்குத் தனி டேபிளில் ஒரு கவுண்டர் வைத்து, அந்தப் பதிவைப் பூட்டி எடுப்பதுதான் வழி. மெதுவாகத்தான் இருக்கும்.

ரோல்பேக் சின்ன ஓட்டை. பெரிய ஓட்டை, பதிவு ஏற்கெனவே இருந்தால் அதையே திருத்தும் 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்'. ஓர் இணையதளத்தில் எந்தப் பக்கம் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று எண்ணும் டேபிளை எடுத்துக்கொள்வோம். ஐடி தானாக ஏறும் இன்டிஜர், பக்கத்தின் முகவரி யுனிக் கீ, அதாவது இரண்டு முறை வரமுடியாதது. ஒவ்வொரு பார்வைக்கும் ஓர் இன்செர்ட், முகவரி ஏற்கெனவே இருந்தால் எண்ணிக்கையை ஒன்று கூட்டு என்று கட்டளை. தளத்தில் ஆயிரம் பக்கங்கள்தான், டேபிளிலும் ஆயிரம் பதிவுகள்தான். ஆனால் ஒவ்வொரு பார்வையும் ஓர் எண்ணை விழுங்குகிறது. நொடிக்கு 50 பார்வை என்றால் நாளுக்கு 43 லட்சத்து 20 ஆயிரம் எண்கள். 497 நாளில் 214 கோடி முடிந்துவிடும். ஆயிரம் பதிவுகள் உள்ள டேபிளில் ஐடி தீர்ந்துவிட்டது என்றால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் கணக்கு அப்படித்தான். இங்கே பிக்இன்ட்டுக்கு மாற்றுவதைவிட அந்த ஐடி புலத்தையே எடுத்துவிட்டு முகவரியையோ அதன் ஹாஷையோ (அதிலிருந்து கணக்கிட்ட குறுகிய அடையாளம்) பிரைமரி கீ ஆக்குவது நல்லது. அது முடியாவிட்டால் முதலில் அப்டேட், எந்தப் பதிவும் மாறவில்லை என்றால் மட்டும் இன்செர்ட் என்று எழுதலாம்.

இன்செர்ட் இக்னோரும் இதே போலத்தான், தள்ளிவிட்ட பதிவுக்கும் எண் போகும். போஸ்ட்கிரெஸ்ஸின் 'ஆன் கான்ஃபிளிக்ட்' கதையும் அதுவே. அங்கே கவுண்டராக இருக்கும் சீக்வென்ஸிலிருந்து எண் எடுத்த பிறகுதான் மோதல் தெரியவருகிறது.

இன்னொரு டேபிளிலிருந்து படித்துச் சேர்க்கும் இன்செர்ட் செலெக்ட்டில் எத்தனை பதிவு வரும் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் இன்னோடிபி எண்களை 1, 2, 4, 8 என்று இரட்டித்து ஒதுக்கிக்கொண்டே போகும். ஐந்து பதிவுகள் சேர்த்தால் 1, 2, 4 என மொத்தம் ஏழு எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். அடுத்த பதிவுக்கு 8-தான் கிடைக்கும், 6-உம் 7-உம் போனது போனதுதான். இரவுதோறும் ஓடும் தொகுப்பு வேலைகளில் இது சத்தமில்லாமல் சேரும்.

பல சர்வர்களில் எழுதும் அமைப்பாக இருந்தால் எண் ஏறும் படியும் பெரிதாகிறது. இரண்டு மாஸ்டர் (எழுத்தை ஏற்கும் சர்வர்) இருந்தால் ஒன்று ஒற்றைப்படை, மற்றது இரட்டைப்படை என்று படியை 2 ஆக்குவார்கள். மைஎஸ்க்யூஎல் குரூப் ரெப்ளிகேஷனில் (பல சர்வர்களில் ஒரே தகவலின் நகல் வைக்கும் அமைப்பு) எல்லா சர்வரிலும் எழுதும் முறையில் இயல்பான படி 7. ஒரே சர்வர் வழியாக மட்டும் எழுதினால் 214 கோடி என்பது சுமார் 30 கோடியே 67 லட்சமாகச் சுருங்கிவிடும்.

தீர்ந்தவுடன் வரும் பிழை வேறு கதை சொல்லும்

மைஎஸ்க்யூஎல்லில் இன்டிஜர் புலம் உச்சத்தைத் தொட்டதும் 'எண் தீர்ந்துவிட்டது' என்று எந்தச் செய்தியும் வராது. கவுண்டர் 2147483647-இலேயே நின்றுவிடும். அடுத்த இன்செர்ட்டுக்கும் அதே எண்ணையே நீட்டும். ஆகவே வருவது 1062 என்ற பிழை: பிரைமரி கீயில் 2147483647 ஏற்கெனவே இருக்கிறது, இது நகல். இதைப் பார்ப்பவர் செயலி இரண்டு முறை அனுப்புகிறதோ, ரெப்ளிகேஷனில் கோளாறோ என்று தேடப்போவார். அந்த எண்ணை அடையாளம் தெரிந்தவருக்கு ஒரு பார்வை போதும். 127, 255, 32767, 65535, 8388607, 16777215, 2147483647, 4294967295 ஆகிய எட்டும் மனதில் இருக்க வேண்டிய எண்கள். டைனிஇன்ட்டிலிருந்து இன்ட் வரை ஒவ்வொரு வகைக்கும் குறி உள்ள (மைனஸ் எண்ணும் ஏற்கும்) எல்லையும் குறி இல்லாத எல்லையும் இவை.

பிழை வந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் சில கட்டளைகளில் பிழையே வராது. இன்செர்ட் இக்னோர் அந்தப் பதிவை ஒரு வார்னிங்கோடு தூக்கி எறிந்துவிடும், செயலி வெற்றி என்று நினைத்துக்கொள்ளும். ரீப்ளேஸ் இன்னும் மோசம். நகல் என்று கண்டதும் 2147483647-ஆம் பதிவை அழித்துவிட்டுப் புதியதை அங்கே வைக்கும். அடுத்தது அதையும் அழிக்கும். ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்டோ அந்தக் கடைசிப் பதிவையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட டேபிளில் எண் தீர்ந்தால், தகவல் எத்தனை மணி நேரமாகக் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று மாற்றங்களைப் பதிந்துவரும் பைனரி லாகைப் பிரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பேஸ்கேம்ப்பில் எழுத்து மொத்தமாக நின்றது பயனர்களுக்கு எரிச்சல்தான். ஆனால் நிற்காமல் தவறாக எழுதிக்கொண்டே போவதைவிட அது எவ்வளவோ மேல்.

போஸ்ட்கிரெஸ் நேர்மையாகப் பேசும். 10-ஆம் பதிப்பிலிருந்து சீரியல் (தானாக ஏறும் இன்டிஜர்) புலத்தின் சீக்வென்ஸும் இன்டிஜர் எல்லையோடு பிறப்பதால், சீக்வென்ஸ் அதன் உச்சத்தைத் தொட்டுவிட்டது என்று பெயரோடு சொல்லும். அதற்கு முந்தைய பதிப்புகளில் சீக்வென்ஸ் 64 பிட், புலம் 32 பிட். அங்கே சீக்வென்ஸ் எண்ணைக் கொடுத்துவிடும், புலத்தில் அது கொள்ளாது, 'இன்டிஜர் எல்லைக்கு வெளியே' என்ற பிழை வரும்.

பிழையைப் பார்த்ததும் முதல் வேலை பெரிய ஐடியிலிருந்து இறங்குமுகமாக ஒரு இருபது பதிவைப் பார்ப்பது. 2147483647, 646, 645 என்று நெருக்கமாக இருந்தால் உண்மையாகவே தீர்ந்துவிட்டது. 2147483647-க்கு அடுத்து 4 கோடி என்று பெரிய பள்ளம் தெரிந்தால் யாரோ ஐடியைக் கையால் கொடுத்து ஒரு பதிவு சேர்த்திருக்கிறார்கள். ஐடி புலத்துக்குள் தொலைபேசி எண் நுழைந்துவிட்ட கோப்பை இறக்குமதி செய்வது இதற்கு வழக்கமான காரணம். கட்டுப்பாடு தளர்ந்த மோடில் பத்து இலக்க எண் சத்தமில்லாமல் 2147483647 ஆக வெட்டப்பட்டு உட்கார்ந்துவிடும். அந்த ஒரு பதிவை நீக்கிவிட்டு, ஆல்டர் டேபிள் வழியாக ஆட்டோ இன்கிரிமென்ட் மதிப்பை 1 என்று கொடுத்தால் போதும். இன்னோடிபி தானாகவே இருப்பதில் பெரிய ஐடிக்கு அடுத்த எண்ணில் கவுண்டரை வைத்துக்கொள்ளும். நொடிகளில் முடியும் வேலை. இதைப் பார்க்காமல் டேபிளையே மாற்ற உட்கார்ந்தால் நாள் முழுக்கப் போய்விடும்.

போஸ்ட்கிரெஸ்ஸில் கையால் கொடுத்த ஐடி எதிர்த்திசையில் கடிக்கும். அங்கே சீக்வென்ஸுக்கு டேபிளில் என்ன நடக்கிறதென்றே தெரியாது. பழைய தகவலை ஐடியோடு ஏற்றிவிட்டு சீக்வென்ஸை நகர்த்த மறந்தால், அது 1-இலிருந்து தொடங்கி ஒவ்வொரு இன்செர்ட்டிலும் மோதிக்கொண்டே வரும். ஏற்றிய கையோடு செட்வேல் கட்டளையால் சீக்வென்ஸைப் பெரிய ஐடிக்குக் கொண்டுவர வேண்டும். புலத்தை 'ஜெனரேட்டட் ஆல்வேஸ் ஆஸ் ஐடென்டிட்டி' என்று அறிவித்தால் கையால் ஐடி கொடுப்பதையே அது மறுக்கும். புதிய டேபிள்களுக்கு இதுவே நல்லது.

திருத்தம் ஏன் ஐந்து மணி நேரம் எடுக்கிறது

கட்டளை ஒரே வரி: ஆல்டர் டேபிள், மாடிஃபை, ஐடி, பிக்இன்ட். சிக்கல் அதன் உள்ளே நடப்பதில் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் புலத்தின் வகையை மாற்றுவது நகலெடுக்கும் முறையில்தான் நடக்கும். புது டேபிள் ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு பதிவாக அதில் எழுதி, எல்லா இண்டெக்ஸையும் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) மறுபடி கட்டி, கடைசியில் பெயரை மாற்றும். இவ்வளவு நேரமும் படிக்கலாம், எழுத முடியாது.

இன்னோடிபியில் பதிவுகளே பிரைமரி கீ வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. மற்ற ஒவ்வொரு இண்டெக்ஸின் ஒவ்வொரு உள்ளீட்டிலும் பிரைமரி கீயின் நகல் ஒன்று இருக்கிறது. ஐடி 4 பைட்டிலிருந்து 8 பைட் ஆகும்போது டேபிள் மட்டும் பெருப்பதில்லை, எல்லா இண்டெக்ஸும் பெருக்கும். 214 கோடி பதிவுகள் இருந்தால் கூடுதல் 4 பைட் என்பது சுமார் 8.6 ஜிபி. நான்கு இண்டெக்ஸ் இருந்தால் ஐந்து மடங்கு, 43 ஜிபி. இது கூடுதலாகச் சேர்வது மட்டும். மாற்றம் முடியும்வரை பழைய டேபிளும் புதிய டேபிளும் டிஸ்க்கில் ஒன்றாக இருக்கும். டேபிளும் இண்டெக்ஸும் சேர்ந்த அளவுக்குக் குறையாமல் காலி இடம் இல்லாவிட்டால் நான்காவது மணி நேரத்தில் டிஸ்க் நிறைந்து, செய்ததெல்லாம் ரோல்பேக் ஆகும்.

குறி உள்ள இன்ட்டைக் குறி இல்லாத இன்ட்டாக மாற்றினால் 429 கோடி வரை போகலாமே, அது சீக்கிரம் முடியாதா என்று நெருக்கடியில் யாராவது கேட்பார்கள். முடியாது. அதுவும் முழு நகல்தான். அதே நேரத்தைச் செலவழித்து பாதி வழி போவதில் பயனில்லை, நேராக பிக்இன்ட்டுக்கே போக வேண்டும். பிக்இன்ட் தீராதா என்றால், நொடிக்கு பத்து லட்சம் எண் எடுத்தாலும் தீர 2 லட்சத்து 92 ஆயிரம் ஆண்டுகள் ஆகும்.

எழுத்து ஏற்கெனவே நின்றுவிட்ட நிலையில் ஒரு குறுக்குவழி உண்டு. அதே அமைப்பில் காலி டேபிள் ஒன்றை உருவாக்கி, அதன் ஐடியை பிக்இன்ட் ஆக்கி, ஆட்டோ இன்கிரிமென்ட்டை 2150000000 என்று கொஞ்சம் தள்ளி வைத்து, ரீநேம் டேபிள் கட்டளையால் இரண்டு பெயர்களையும் ஒரே வீச்சில் மாற்றுவது. எழுத்து உடனே திரும்பிவிடும். பழைய பதிவுகளைப் புதியவற்றிலிருந்து பழையவை நோக்கி, ஐந்தாயிரம் பத்தாயிரமாகப் பின்னால் நகலெடுக்கலாம். நிகழ்வுகளைப் பதியும் டேபிளுக்கு இது பொருந்தும், ஏனெனில் பழைய பதிவுகளைத் திருத்துவது அரிது. வாடிக்கையாளர் கணக்கு போன்ற டேபிளுக்குப் பொருந்தாது, பழைய கணக்குகள் எல்லாம் காணாமல் போனதுபோல் தெரியும். ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டும் கட்டுப்பாடு) உள்ள இடத்திலும் கூடாது. பெயர் மாறிய பழைய டேபிளையே அந்தக் கீகள் பிடித்துக்கொண்டிருக்கும். அதே அமைப்பில் காலி டேபிள் உருவாக்கும் 'கிரியேட் டேபிள் லைக்' கட்டளை, டிரிக்கர்களையும் (மாற்றம் நடந்தால் தானாக ஓடும் நிரல்) ஃபாரின் கீகளையும் நகலெடுக்காது என்பதையும் மறக்கக்கூடாது.

போஸ்ட்கிரெஸ்ஸில் வேறொரு குறுக்குவழி: சீக்வென்ஸின் குறைந்தபட்ச மதிப்பை மைனஸ் 2147483648 ஆக்கி அங்கிருந்து தொடங்கச் சொல்வது. ஒரு நொடியில் இன்னொரு 214 கோடி கிடைக்கும். ஐடி வரிசையை வைத்துப் புதியது எது பழையது எது என்று முடிவு செய்யும் நிரல் எல்லாம் அன்றே தவறத் தொடங்கும் என்பது இதன் விலை. மாற்றத்தைச் செய்து முடிக்க அவகாசம் வாங்க மட்டுமே இது.

நெருக்கடி இல்லாத நாளில் செய்வதானால் பெர்கோனாவின் பிடி ஆன்லைன் ஸ்கீமா சேஞ்ச் அல்லது கிட்ஹப் வெளியிட்ட கோஸ்ட் என்ற கருவி உதவும். முன்னது டிரிக்கர் வைத்துப் புது மாற்றங்களை நகலுக்குக் கடத்தும். பின்னது பைனரி லாகைப் படித்துக் கடத்தும், ரெப்ளிகா (நகல் சர்வர்) பின்தங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் ஃபாரின் கீ உள்ள டேபிளைத் தொடாது. ரெப்ளிகாவில் முதலில் மாற்றிவிட்டு அதை மாஸ்டராக உயர்த்தும் முறையில், இடைப்பட்ட காலத்தில் இன்ட்டிலிருந்து பிக்இன்ட்டுக்குத் தகவல் போக வேண்டும். ரெப்ளிகாவின் வகைமாற்ற அமைப்பை 'ஆல் நான் லாஸி' என்று வைக்காவிட்டால் பதிவுவழி ரெப்ளிகேஷன் அங்கேயே நின்றுவிடும்.

ஐடி ஒரே இடத்தில் இருப்பதில்லை

2006 நவம்பரில் ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. பின்னூட்டங்களின் எண்ணிக்கை 16777216-ஐத் தாண்டியது. அது 2-இன் 24-ஆம் அடுக்கு, குறி இல்லாத மீடியம்இன்ட்டின் எல்லைக்கு அடுத்த எண். பின்னூட்ட டேபிளின் பிரைமரி கீயைச் சில ஆண்டுகளுக்கு முன்பே இன்ட்டாக மாற்றிவைத்திருந்தார்கள். எந்தப் பின்னூட்டத்துக்கு இது பதில் என்று காட்டும் தாய் எண்ணை மட்டும் மாற்ற மறந்திருந்தார்கள். பின்னூட்டம் ஏறியது, யாருக்குப் பதில் என்பது ஏறவில்லை. சரிசெய்ய மூன்று மணி நேரத்துக்கு மேல் எழுத்தை நிறுத்த வேண்டும் என்பதால் அன்று பகல் முழுக்கப் பதில் அடுக்கையே அணைத்துவைத்தார்கள்.

தாய் டேபிளை அகலமாக்கி, அதன் ஐடியைச் சுட்டும் குழந்தைப் புலத்தைக் குறுகலாக விட்டால் என்ன ஆகும்? கட்டுப்பாடான மோடில் 1264 என்ற பிழை வரும். கட்டுப்பாடு தளர்ந்த மோடில் எண் 2147483647 ஆக வெட்டப்பட்டு உள்ளே போகும். அதாவது புதிதாக வரும் எல்லாக் குழந்தைப் பதிவுகளும் ஒரே தாயிடம் போய்ச் சேரும். ஆகவே குழந்தைப் புலங்களை முதலில் மாற்றி, தாயைக் கடைசியில் மாற்ற வேண்டும். ஃபாரின் கீ போட்டிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருந்தே தீர வேண்டும் என்று மைஎஸ்க்யூஎல் அடம்பிடிக்கும். கீயை எடுத்துவிட்டு, இரண்டையும் மாற்றி, மறுபடி போட வேண்டும். ரெயில்ஸ் செயலிகளில் பெரும்பாலும் ஃபாரின் கீ அறிவிப்பே இருக்காது, ஐடி என்று முடியும் புலப் பெயர்தான் அடையாளம். எந்த வகைப் பதிவையும் சுட்டக்கூடிய பொதுப் புலங்களும் இருக்கும். டேபிள்களின் விவரம் இருக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் ஐடி என்று முடியும் இன்ட் புலங்கள் அனைத்தையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டேட்டாபேஸுக்கு வெளியேயும் ஐடி போகிறது. 2009 ஜூனில் ட்விட்டரின் பதிவு எண் 2147483647-ஐத் தாண்டியபோது ட்விட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் படிக்கும் வெளியார் செயலிகளில் சில, எண்ணை 32 பிட்டில் வைத்திருந்ததால் விழுந்தன. 64 பிட்டுக்குப் போனாலும் ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைதான் துல்லியமாகப் பிடிக்கும். 2010-இல் ட்விட்டர் ஸ்னோஃப்ளேக் என்ற 64 பிட் எண் முறைக்கு மாறியபோது அதே எண்ணை எழுத்துச் சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது இதனால்தான். ஒன்று ஒன்றாக ஏறும் பிக்இன்ட் அந்த எல்லையை நெருங்கப்போவதில்லை. ஆனால் ஜாவாவில் இன்ட் என்று அறிவித்த மாறி, புரோட்டோபஃப் என்ற தகவல் பரிமாற்ற வடிவத்தில் 32 பிட் புலம், அறிக்கைகளுக்கான கிடங்கில் பழைய அட்டவணை இவையெல்லாம் 2147483648-ஆம் பதிவுக்காகவே காத்திருக்கும்.

முன்கூட்டியே பார்ப்பது

மைஎஸ்க்யூஎல் 5.7-இலிருந்து சிஸ் ஸ்கீமாவில் ஆட்டோ இன்கிரிமென்ட் புலங்களுக்கென ஒரு வியூ இருக்கிறது. எல்லையில் எத்தனை பங்கு போய்விட்டது என்று விகிதமே தரும். 8.0-இல் ஒரு பொறி: இன்ஃபர்மேஷன் ஸ்கீமா தரும் ஆட்டோ இன்கிரிமென்ட் மதிப்பு 86400 நொடி, அதாவது ஒரு நாள் வரை பழையதாக இருக்கலாம். கண்காணிப்பு இணைப்பில் அந்தக் காலாவதி அமைப்பைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுக் கேட்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் சீக்வென்ஸின் கடைசி மதிப்பை அதன் சொந்த உச்சத்தோடு ஒப்பிடாமல் புலத்தின் வகையோடு ஒப்பிட வேண்டும். பழைய பதிப்பில் பிறந்த சீக்வென்ஸ், தான் இன்னும் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே புலம் நிரம்பிவிடும்.

விகிதத்தோடு வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவகாசம் தெரியும். 70 சதவீதத்தில் நிற்கும் டேபிளில் மீதி சுமார் 64 கோடி. நாளுக்கு 20 லட்சம் போனால் 322 நாள். அதே டேபிள் 85 சதவீதத்தில் நின்றால் 161 நாள். பெரிய டேபிளில் குழந்தைப் புலங்கள், கிடங்கு, வெளியார் செயலி எல்லாவற்றையும் முடிக்க ஆறு மாதம் தாராளமல்ல. 50 சதவீதத்தில் எச்சரிக்கை வைப்பது அதீதம் என்று தோன்றலாம், நம் பார்வையில் அதுவே சரி.

மாற்றம் முழுமையாக நடந்ததா என்று அறிய 214 கோடி பதிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சோதனைச் சர்வரில் ஒவ்வொரு டேபிளுக்கும் ஆட்டோ இன்கிரிமென்ட்டை 2147483640 என்று வைத்துவிட்டுச் செயலியை அதன் போக்கில் ஓடவிட்டால் போதும். குறுகலாக விடப்பட்ட டேபிள் எட்டுப் பதிவுகளை ஏற்றுக்கொண்டு ஒன்பதாவதில் 1062 காட்டும். தாய் சரியாக இருந்து குழந்தைப் புலம் தவறியிருந்தால் அதே ஒன்பதாவது பதிவைச் சுட்டும்போது 1264 வரும். இரண்டும் வராமல் திரையில் மட்டும் மைனஸ் 2147483648 என்று ஓர் எண் தெரிந்தால் கோளாறு டேபிளில் இல்லை, அதைப் படிக்கும் நிரலில் இருக்கிறது.